மின்னஞ்சலில் மேலே உள்ள சின்னங்கள் குழப்புகின்றன: சொற்களை வரவழைக்க வழி உண்டா?

கேள்வி: சங்கச் செயலாளர், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். சங்கத்துக்கு ஒரே மின்னஞ்சல் முகவரிதான் உண்டு. தலைவர், பொருளாளர், செயலவையினர் என்று பலரும் அதைத் திறந்து பார்க்கிறோம். இவர்களில் ஈப்போவுக்கு வேலைக்குச் சென்று வரும் இளம் பெற்றோரும் இருக்கிறார்கள், செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் இருக்கிறார்கள்.

கடிதத்தைத் திறந்தால் அதன் மேல் ஒரு வரிசையில் சின்னங்கள் மட்டுமே தெரிகின்றன. எந்தப் பொத்தானிலும் ஒரு சொல்கூட இல்லை. பள்ளி மானியம் தொடர்பாக வந்த கடிதம் ஒன்றை முக்கியமானது என்று குறித்துவைக்க எண்ணிய உறுப்பினர் ஒருவர், ஆச்சரியக்குறி போட்ட பொத்தானை அழுத்திவிட்டார். அது வேண்டாத அஞ்சல் என்று புகார் செய்யும் பொத்தானாம். அதன்பின் அதே அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்கள் எங்கள் கண்ணிலேயே படவில்லை. கடிதம் எத்தனை மணிக்கு வந்தது என்று பார்ப்பதற்காக இன்னொருவர் கடிகாரத்தை அழுத்தினார். கடிதம் மறைந்து, மறுநாள் காலையில்தான் மீண்டும் தலைகாட்டியது. கீழ்நோக்கிய அம்பு போட்ட பெட்டி, கடிதத்தை அழிக்காமல் உள்பெட்டியிலிருந்து எடுத்துவைக்கும் பொத்தானாம். அதைப் பார்ப்பவர்களோ இணைப்பைப் பதிவிறக்கும் பொத்தான் என்றே நினைக்கிறார்கள். அந்தப் பெட்டியை உடனே சரியாகப் புரிந்துகொண்டவர், தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டை எழுதி ஓய்வு பெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவர் மட்டுமே. பழைய கணக்குகளைப் பெட்டியில் போட்டு அலமாரியில் ஏற்றிய பழக்கம் அவருக்கு இருக்கிறது.

எங்களுக்குப் பயிற்சிதான் போதவில்லையா, அல்லது இந்தச் சின்னங்களின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறதா? இவற்றை எடுத்துவிட்டுச் சொற்களை வரவழைக்க முடியுமா?

மறுமொழி 1: கணினிப் பயிற்றுநர், தைப்பிங்

வணக்கம் ஐயா. உங்கள் உறுப்பினர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மைக்ரோசாப்ட் ஔட்லுக்கில் சிவப்பு ஆச்சரியக்குறி என்றால் அவசர, முக்கியக் கடிதம் என்று பொருள். ஜிமெயிலிலோ எண்கோணத்துக்குள் இருக்கும் ஆச்சரியக்குறி ஸ்பேம் (வேண்டாத அஞ்சல்) என்று புகார் செய்வதற்கு உரியது. அலுவலகத்தில் ஒன்றையும் வீட்டில் மற்றொன்றையும் பயன்படுத்துபவர் தடுமாறாமல் இருந்தால்தான் வியப்பு.

நீங்கள் எந்தச் சேவையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆகவே பரவலாக உள்ள இரண்டுக்கு வழி சொல்கிறேன். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, வலப்பக்க மேல்மூலையில் உள்ள பற்சக்கரத்தை அழுத்தி, முழு அமைப்புகளுக்குள் செல்லுங்கள். ஜெனரல் என்ற முதல் பக்கத்தில் 'பட்டன் லேபிள்ஸ்' என்ற வரி இருக்கும். அதில் 'டெக்ஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தின் அடிக்கு இறங்கி மாற்றங்களைச் சேமித்துவிடுங்கள். அடியில் உள்ள அந்தப் பொத்தானைப் பலர் மறந்துவிட்டு, மாறவில்லையே என்று திரும்பி வருவார்கள். கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள் என்றால் கருவிப்பட்டையின் மேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி, 'கஸ்டமைஸ்' என்பதற்குள் செல்லவேண்டும். சின்னம் மட்டும், சொல் மட்டும், இரண்டும் சேர்த்து என்று அங்கே விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம்.

சின்னங்களின் அமைப்பில் கோளாறு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு என்பதே என் கருத்து. ஒரு பொருளைப் படமாக வரைவது எளிது. ஒரு செயலை வரைவது மிகவும் கடினம். குப்பைத்தொட்டியும் கடித உறையும் எல்லாருக்கும் தெரிந்த பொருள்கள். 'இந்தக் கடிதத்தை நாளை வரை என் கண்ணில் படாமல் வை', 'இதைப் படிக்காததுபோல் மாற்று', 'அழிக்காமல் உள்பெட்டியிலிருந்து மட்டும் அகற்று' என்பவற்றை எந்த ஓவியர் வரைவார்? அதனால் செயலோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ள ஒரு பொருளை வரைந்துவிட்டு, மற்றதைப் பார்ப்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறார்கள். படிக்காததாக மாற்றும் பொத்தானில் உறை இருப்பதால், புதுக் கடிதம் எழுத அதை அழுத்துபவர்கள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட மோசமானது இடப்பக்கம் வளையும் அம்பு: கடிதத்தில் அது பதில் எழுதுவதற்கு, வேர்டில் கிட்டத்தட்ட அதே அம்பு கடைசியாகச் செய்ததைத் திரும்பப் பெறுவதற்கு. வேர்டு படித்துவிட்டு மின்னஞ்சலுக்கு வருபவர், செய்த தவற்றைத் திருத்துவதாக நினைத்து அதை அழுத்துகிறார். எதிரே பதில் எழுதும் கட்டம் திறந்துகொள்கிறது.

பொருளுக்கும் செயலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தொடக்கத்தில் கணினித் திரைகளை வடிவமைத்தவர்கள் கடைப்பிடித்தார்கள் என்பது எனக்குச் சுவையான செய்தி. 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் கணினியின் திரையில் ஆவணம், கோப்புறை, உள்வரும் தட்டு, வெளிச்செல்லும் தட்டு ஆகியவை படங்களாக இருந்தன. ஆவணத்தை வெளிச்செல்லும் தட்டில் கொண்டுபோய் வைத்தால் அஞ்சல் போய்விடும். நகர்த்து, நகலெடு, அழி, திற போன்ற செயல்களுக்கோ படம் வரையவில்லை; விசைப்பலகையில் தனி விசைகள் வைத்து, அவற்றின் மேல் சொல்லாகவே பொறித்திருந்தார்கள். படங்களைக்கூட நான்கு தொகுதிகளாக வரையச் செய்து, மக்களிடம் காட்டிச் சோதித்த பிறகே தேர்ந்தெடுத்தார்கள். செயல்களையும் குட்டிப் படங்களாக்கி ஒரே வரிசையில் அடுக்கும் வழக்கம் பின்னால் வந்தது.

மறுமொழி 2: பாதுகாப்புப் பிரிவு ஊழியர், செம்பனை எண்ணெய் ஆலை

நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். எச்சரிக்கைப் பலகைகளோடு வேலை செய்பவன். அமெரிக்காவில் பாதுகாப்புச் சின்னங்களுக்கென்று அன்சி இசட்535.3 என்ற தரநிலை இருக்கிறது. புதிய சின்னம் ஒன்றைச் சொல் துணையின்றிப் பலகையில் போடவேண்டுமானால், அதைப் பார்ப்பவர்களில் குறைந்தது 85 விழுக்காட்டினர் சரியான பொருளைச் சொல்லவேண்டும். நேர் எதிரான பொருளைச் சொல்பவர்கள் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. இந்த இரண்டாவது விதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு சின்னம் புரியவில்லை என்றால் மனிதர் நின்று யோசிப்பார், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். தலைகீழாகப் புரிந்தால் துணிந்து கையை வைத்துவிடுவார். செயலாளர் சொன்ன ஆச்சரியக்குறி இந்த இரண்டாவது வகை. முக்கியம் என்று நினைத்துத் தொட்ட கடிதம் குப்பைக்குப் போகிறது என்றால், அந்தச் சின்னத்தை எங்கள் ஆலையில் ஒரு கொதிகலன் பக்கத்தில்கூட ஒட்டவிடமாட்டோம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆலையில் பலகை எங்கே மாட்டப்பட்டிருக்கிறதோ அந்த இடமே பாதிப் பொருளைச் சொல்லிவிடும். அஞ்சல் பெட்டியிலோ எல்லாச் சின்னங்களும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஒட்டி ஒட்டி நிற்கின்றன. குற்றம் சாட்டுவதும் குப்பையில் போடுவதும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற ஆசிரியை, கோலகங்சார்

முன்னவர்கள் சொன்னதில் ஒரு பகுதியை ஏற்க இயலவில்லை. சொற்களைப் போட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்பது ஆங்கிலம் சரளமாகப் படிப்பவர்களின் நம்பிக்கை. என் பக்கத்து வீட்டு அம்மையார் தமிழ் மட்டுமே படிப்பார். குப்பைத்தொட்டியையும் காகித கிளிப்பையும் பார்த்தே பல ஆண்டுகளாக அஞ்சலைக் கையாள்கிறார். ஆங்கிலச் சொற்களை வரவழைத்தால் அவருக்கு இருந்த பிடியும் போய்விடும். மொழியைத் தமிழுக்கு மாற்றலாம்தான். ஆனால் நம் சொற்கள் நீளமானவை, சிறிய மடிக்கணினித் திரையில் அந்த வரிசை நெரிசலாகிவிடுகிறது.

படமும் சொல்லும் சேர்ந்திருப்பதே முறை. ஜிமெயிலில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றது போய்விடுகிறது. தண்டர்பேர்டில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் பெரியவர்களுக்கு நான் அதையே நிறுவித் தருகிறேன்.

செயலாளர்

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னதை எண்ணிப் பார்த்தேன். எங்கள் செயலவையினர் அனைவருக்கும் மலாய் படிக்கத் தெரியும், ஆகவே மலாய்ச் சொற்களை வைப்பதாக முடிவு செய்துள்ளோம். மூன்று ஐயங்கள் எஞ்சியுள்ளன. காணாமற்போன மானியக் கடிதங்களை மீட்க முடியுமா? நான் மாற்றினால் மற்றவர்களுக்கும் மாறுமா? கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு என்ன வழி?

மறுமொழி 1: கணினிப் பயிற்றுநர், தைப்பிங்

ஜிமெயிலை வைத்துச் சொல்கிறேன். ஸ்பேம் பெட்டியில் விழுந்த கடிதம் 30 நாளில் தானாக அழிந்துவிடும். ஆகவே இன்றே திறந்து பார்த்து, இருப்பவற்றை ஸ்பேம் அல்ல என்று குறித்து மீட்டுவிடுங்கள். அந்த அலுவலகத்தின் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்ப்பதும் நல்லது. அம்பு போட்ட பெட்டியால் அகன்ற கடிதங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்; அவை 'ஆல் மெயில்' என்ற பகுதியில் காலக்கெடு இன்றி இருக்கும், தேடினாலும் கிடைக்கும்.

பொத்தான் அமைப்பு கணக்கோடு சேர்ந்தது என்பதால், நீங்கள் ஒருமுறை மாற்றினால் அதே கணக்கைக் கணினி உலாவியில் திறக்கும் எல்லாருக்கும் மாறிவிடும். மற்றவர்களிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். தண்டர்பேர்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக மாற்றவேண்டும்.

கைப்பேசிச் செயலியில் சொற்களை வரவழைக்கும் வசதி இல்லை. கணினியில் மவுஸைச் சின்னத்தின் மேல் நிறுத்தினால் பெயர் தெரியும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதற்கு மாற்றாகச் சின்னத்தின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் பெயர் தோன்றும். அதைவிட முக்கியமாக, விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் கடிதம் அகன்றுவிடும் வசதியை அமைப்புகளில் 'ஸ்வைப் ஆக்‌ஷன்ஸ்' என்ற இடத்தில் இரு பக்கத்துக்கும் நிறுத்திவையுங்கள். பேருந்தில் வரும்போது கைப்பேசியைத் திறப்பவர்களின் கடிதங்கள் பெரும்பாலும் அப்படித்தான் காணாமற்போகின்றன.