26 தடவை ஒரே சொல்

எனக்குச் சின்ன வயதில் திக்குவாய். வகுப்பில் "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். அந்த 'உ' தொண்டையில் நிற்கும்போதே வாத்தியார் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வந்தும் வராதவனான நாட்கள் நிறைய.

அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸை முதலில் கேட்டது கல்லூரி விடுதியில், அறை நண்பனின் ஹெட்போனில். 'எய்ன்ட் நோ சன்ஷைன்'. நடுவில் வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, "ஐ நோ, ஐ நோ" என்று சொல்லிக்கொண்டே போகிறார். பாட்டு எங்கோ சிக்கிக்கொண்டது என்றே நினைத்தேன். எண்ணினால் 26 தடவை! அந்த இடத்துக்கு வரி எழுதுவதாகத்தான் இருந்தாராம். கூட இருந்த இசைக்கலைஞர்கள் இப்படியே இருக்கட்டும் என்றார்கள்.

அவருக்கும் திக்குவாய் என்று அப்புறம்தான் படித்தேன். மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர், 1938இல் பிறந்தவர். 13 வயதில் அப்பா இறந்துவிட்டார். கடற்படையில் 9 வருடம். திக்குகிறவனுக்கு ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அவமானம். இந்த மனிதர் அதை 26 தடவை சொல்லி கிராமி வாங்கினார். அவர் அப்படி நினைத்துப் பாடியிருக்க மாட்டார். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு: நான் லேத் பட்டறை ஆள். எனக்கு விதர்ஸின் முதல் ஆல்பத்தின் அட்டைப்படம் போதும். 1971, வயது 30க்கு மேல். விமானத்துக்குக் கழிவறை செய்யும் தொழிற்சாலையில் வேலை. மதிய இடைவேளையில் வாசலில் நிற்கவைத்து எடுத்த படம், கையில் சாப்பாட்டுப் பெட்டி. பாட்டுத் தொழில் நிலைக்காது என்று வேலையையும் சட்டென்று விடவில்லை. சம்பளத் தேதியை எண்ணி வாழ்ந்தவனுக்குத்தான் அது புரியும். அடுத்த வருடமே 'லீன் ஆன் மி' அமெரிக்காவில் முதலிடம். ரெக்கார்டு கம்பெனியோடு ஒத்துவராமல் 1985 ஆல்பத்தோடு ஒதுங்கிக்கொண்டார். 2015இல் ஸ்டீவி வொண்டர் அறிமுகப்படுத்த, ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற இசைக் கௌரவப் பட்டியலில் சேர்த்தார்கள். 2020 மார்ச் 30இல் போய்விட்டார். ஊரடங்கில் உலகமே அவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த நேரம்.

* * *

அவருடைய 'லவ்லி டே' பாட்டை யாருமே சொல்லவில்லையே? கடைசியில் ஒரே மூச்சில் 18 விநாடி இழுப்பாரே, அதைச் சிக்னலில் நிற்கும்போது ஹெல்மெட்டுக்குள் முயன்றேன். 11 வரை வந்தேன், பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஒரே ஹாரன்.