தலையைப் போல் எட்டு மடங்கு உயரமுள்ள 'இலட்சிய' உடம்பை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

காவிரிக்கரை:

சுவாமிமலைக்குச் சாமி கும்பிடத்தான் போனோம். வீட்டுக்காரி அர்ச்சனைத் தட்டு வாங்கப் போன நேரத்தில் நான் ஒரு சிலைப் பட்டறைக்குள் நுழைந்துவிட்டேன். உள்ளே ஒரு பெரியவர் தென்னோலையில் ஈர்க்கு உரித்துக்கொண்டிருந்தார். துடைப்பம் கட்டுகிறார் என்று நினைத்தேன். ஆனால் ஈர்க்கை வீசிவிட்டு ஓலையை வைத்துக்கொண்டார். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு அதை நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு போட்டார். முகம் இதுவரை, மார்பு இதுவரை, முழங்கால் இங்கே.

"எத்தனை இன்ச் ஐயா?"

"இன்ச் கணக்கே கிடையாது தம்பி. சாமியோட மொத்த உயரத்தை நூத்தி இருபத்துநாலா வகுத்தா, அதுல ஒரு பங்கு ஒரு அங்குலம்."

சாண் அளவு விக்கிரகமோ, ஆள் உயரமோ, அதனதன் அங்குலம் அதற்குள்ளிருந்தே வருகிறது. 124 என்பது உத்தம தசதாலம் (தாலம் என்றால் ஒரு முக நீளம்), சிவனுக்கும் விஷ்ணுவுக்கும். அம்பாளுக்கு 120. பிள்ளையார் பஞ்ச தாலம், அதாவது ஐந்து முகம் அடுக்கினால் ஆள் முடிந்தார். குள்ள உருவத்தையும் தொந்தியையும் சாஸ்திரம் குறையாகப் பார்க்கவில்லை, அதற்கும் ஓர் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறது. அழகென்றால் ஒரே அளவு என்று நினைத்துப் போனவன் நான். அங்கே ஆளுக்கொரு அளவு இருந்தது.

பக்கத்தில் மெழுகில் பிடித்த அம்பாள் உருவம் ஒன்று (தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் சேர்ந்த கலவையாம்). ஓலையை அதன் கையோடு வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அப்புறம் எழுந்து நாலடி தள்ளி நின்று பார்த்தார். திரும்பி வந்து ஒரு விரலை மட்டும் லேசாக இழைத்தார்.

"ஓலைப்படி சரியாத்தானே இருந்துச்சு?"

"ஓலைக்குக் கண்ணு இல்லையே."

அந்த மெழுகின் மேல் காவிரி வண்டலைப் பூசி, காயவைத்து, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதே அச்சில் இன்னொன்று வராது. உங்களில் யாருக்காவது இப்படி, இலட்சிய உருவம் என்று சொல்லப்படுவதோடு நேரடிப் பழக்கம் உண்டா?

கரித்துண்டு:

எனக்கு உண்டு, ஆனால் அவமானத்தோடு. ஓவியக் கல்லூரியில் முதல் வருடம் மாடலாக ஒரு அம்மா வந்து உட்காருவார், அன்றைக்கு நிற்கச் சொல்லியிருந்தார்கள். அறுபது வயதிருக்கும். 'மனித உடல் எட்டுத் தலை உயரம்' என்று புத்தகத்தில் படித்ததை அப்படியே அவர் மேல் ஏற்றிவிட்டேன். ஆசிரியர் வந்து, "இது யாருப்பா?" என்றார். வகுப்பே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார், அதுதான் தாங்கவில்லை. பென்சிலை நீட்டி அளந்தால் ஆறரைத் தலை.

பல வருடம் கழித்து வேலையாக இத்தாலி போனபோது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் 'ஈட்டி ஏந்தியவன்' சிலையைப் பார்த்தேன். கி.மு. 5ஆம் நூற்றாண்டு கிரேக்கச் சிற்பி பாலிகிளைடஸ், உடலின் சரியான அளவு எது என்று ஒரு நூலே எழுதி, அதைக் காட்டச் செய்தது என்பார்கள். நூலும் போய்விட்டது, அவர் வார்த்த வெண்கலமும் போய்விட்டது. அங்கே நிற்பது இத்தாலியின் பழைய பொம்பெயி நகரில் கிடைத்த ரோமானியப் பளிங்குப் பிரதி. கையில் ஈட்டியும் இல்லை! காவலாளி முறைக்க முறைக்கப் பென்சிலை நீட்டினேன். கிட்டத்தட்ட ஏழு தலைதான்.

தலையைச் சிறிதாக்கி உடம்பை ஒடிசலாக்கியவர் அடுத்த நூற்றாண்டுக்காரர் லிசிப்பஸ். முன்னோர் மனிதர்களை உள்ளபடி செய்தார்கள், நான் கண்ணுக்குத் தெரிகிறபடி செய்கிறேன் என்பாராம். ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஆக, நூறு வருடத்துக்குள் கிரேக்கர்களே அளவை மாற்றிக்கொண்டார்கள். அதைத்தான் மாறாத விதி என்று நம்பி, ஒரு கிழவியை இழுத்து நீட்டியிருக்கிறேன்.

ஊசிநூல்:

நான் லேடீஸ் டெய்லர். தாலம் எல்லாம் தெரியாது, இன்ச் டேப் தெரியும். இருபது வருடத்தில் இரண்டு தோளும் ஒரே மட்டமாக இருக்கிற ஒருவரைக்கூட நான் அளந்ததில்லை. கடை வாசலில் நிற்கிற பொம்மைக்கு மட்டும்தான் அப்படி. கல்யாணப் பெண்கள் அந்தப் பொம்மையைக் காட்டி, "அண்ணா, இதுல இருக்கிற மாதிரியே உட்காரணும்" என்பார்கள். ஒரு ரகசியம் சொல்கிறேன், அந்தப் பொம்மை ஜாக்கெட்டும் பொம்மைக்கே சேராது. பின்னால் போய்ப் பார்த்தால் நாலு குண்டூசி குத்தியிருக்கும்.

போன மாதம் ஒரு பெண், வலது தோள் நன்றாகவே இறக்கம். மாப்பிள்ளை வீட்டார் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள் போல, அளவெடுக்கும்போதே அழுதுவிட்டாள். அந்தப் பக்கம் அரை இன்ச் இறக்கி வெட்டினேன். பேடு வைத்து நிமிர்த்தவில்லை. போட்டுப் பார்த்துவிட்டு, "இதுதான் அண்ணா முதல்முறை இழுக்காம இருக்கு" என்றாள்.

சிலைகளுக்குத் தோள் சமமாக இருக்குமா? சும்மா கேட்கிறேன்.

காவிரிக்கரை:

நல்ல கேள்வி. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் இருக்கிறார், 1011ஆம் ஆண்டு வார்ப்பு. காளை மேல் கை ஊன்றி நிற்கிற பாவனை. காளை இப்போது இல்லை, கை மட்டும் அந்தரத்தில். பத்து தடவை பார்த்திருப்பேன், தோளைக் கவனித்ததே இல்லை. அடுத்த வாரம் போகிறேன், பார்த்துச் சொல்கிறேன்.

ஊசிநூல்:

டேப் எடுத்துப் போங்க. விடுவாங்களான்னு தெரியல.