ஆயில் ஸ்டிக் வீட்ல ஒண்ணு சொல்லுது, வெளிய ஒண்ணு சொல்லுது. எதை நம்புறது?

தாங்கல் வேகன்:

எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூர் தாங்கல் பக்கம் வீடு. போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு வேகன் ஆர் வாங்கினேன், பெட்ரோல் வண்டி. ஓட்டத்துல ஒரு குறையும் இல்ல. இன்ஜின் ஆயில் லெவல்தான் தலைய சுத்துது.

எங்க தெருவுல ரோடு மேல ரோடு போட்டு வீடு எல்லாம் பள்ளத்துக்குப் போயிடுச்சு. போர்டிகோ தரையையும் அதுக்கேத்த மாதிரி சரிவாவே போட்டு வெச்சிருக்கோம். வண்டி மூக்கு கீழ, முதுகு மேலன்னுதான் நிக்கும். அப்படி நிக்கும்போது காலைல ஆயில் அளவு பாக்கற ஸ்டிக்கை எடுத்துப் பாத்தா, ஆயில் குறைஞ்சபட்ச அளவைக் காட்டற கீழ்க் கோட்டையே தொடல. பயந்துபோய் பக்கத்து ஷெட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். அங்க வண்டி நின்ன வேகத்துல ஸ்டிக்கை உருவி, "ஆயிலே இல்ல சார், இன்ஜின் போயிருக்கும்"னு சொல்லி அரை லிட்டருக்கு மேல ஊத்திட்டாங்க.

காசு போனது போகட்டும். சனிக்கிழமை மணலில மச்சான் வேலை செய்யற குடோனுக்குப் போனேன். நல்ல சமமான சிமெண்ட் தரை. சும்மா இருக்கற நேரத்துல பாப்போம்னு ஸ்டிக்கை எடுத்தா மேல் கோட்டைத் தாண்டி நிக்குது! வீட்டுக்கு வந்து பாத்தா மறுபடியும் கீழ்க் கோட்டுக்குக் கொஞ்சம்தான் மேல. இதுல இன்னொரு கூத்து, ஸ்டிக்கோட ஒரு பக்கம் ஒரு உயரம், திருப்பிப் பாத்தா வேற உயரம்.

கீழ சொட்டு இல்ல, சைலன்ஸர்ல புகை இல்ல. சூடா இருக்கும்போது பாக்கணுமா, ஆறினப்புறம் பாக்கணுமா? வீடியோல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

புல்லட் பிரியன்:

சூட்டோட சூடா பாக்கணும் தல. நைட் ஃபுல்லா நின்ன வண்டில பாத்தா கம்மியாத்தான் காட்டும். என்கிட்ட பழைய இரும்பு இன்ஜின் புல்லட் இருக்கு, அதுல நான் வாங்கின நாள்லேர்ந்து ஒரு ரவுண்டு போயிட்டு வந்துதான் பாக்கறேன். உங்க ஷெட்காரர் செஞ்சதுல தப்பில்ல.

மாதவரம் சர்வீஸ்:

சர்வீஸ் அட்வைசரா இருக்கேன். வண்டி கையேட்டுல போட்டிருக்கறத சுருக்கமா சொல்றேன் சார். சமமான தரை, இன்ஜின் நல்லா சூடாகி ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷமாவது ஆகியிருக்கணும். ஸ்டிக்கை எடுத்துத் துடைச்சு, முழுசா உள்ள அழுத்தி, மறுபடி எடுத்துப் பாருங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல எங்க இருந்தாலும் ஓகே. மேல் கோட்டைத் தாண்டியிருந்தா எடுத்துடணும்.

காசிமேடு டீசல்:

தம்பி, நான் காசிமேட்டுல போட் இன்ஜின் வேலை பாக்கறவன். கார் என் தொழில் இல்ல. ஆனா நீ கேக்கற இந்தக் கேள்விதான் எங்களுக்கு தினப்படி பொழப்பு, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன், பொறுத்துக்க.

மொதல்ல புல்லட் அண்ணனுக்கு. உங்க வண்டிக்கு நீங்க சொல்றது சரி. நம்ம திருவொற்றியூர் ஃபேக்டரில செஞ்ச அந்தப் பழைய இன்ஜின் டிரை சம்ப். ஆயிலுக்குன்னு தனி ரூம்பு. ராத்திரி நிறுத்தி வெச்சா பம்பு வழியா கசிஞ்சு கிராங்க், அதான் பிஸ்டன் சுத்தி விடற தண்டு, அது பக்கம் எறங்கிடும், காலைல ஸ்டிக்குல கம்மியா தெரியும். ஒரு ரவுண்டு ஓட்டினா பம்பு அத திருப்பித் தூக்கி ரூம்புக்குள்ள போட்டுடும். காருல அப்படியே தலைகீழு. ஓடும்போது ஆயில் மேல ஹெட்டுல, ஃபில்டர்ல, ஓட்டைங்கள்ல எல்லாம் பரவி நிக்கும். ஆஃப் பண்ண நிமிஷத்துல சம்ப்புல, அதான் இன்ஜின் அடில ஆயில் தேங்கற தொட்டில, இருக்கறது மிச்சம்தான். அப்ப ஸ்டிக்கை விட்டா கம்மியாத்தான் காட்டும், அத நம்பி ஊத்தினா தலைக்கு மேல போயிடும். உன் ஷெட்டுல நடந்தது அதான்.

சூடா ஆறினதான்னு கேட்டியே. ஆயில் சூட்டுக்கு விரியும், அது நெஜம். 3 லிட்டர் ஆயில் 30 டிகிரிலேர்ந்து 90க்குப் போனா 120 மில்லி அளவுக்குக் கூடும். சின்ன பெட்ரோல் வண்டில ரெண்டு கோட்டுக்கும் நடுவுல முக்கால்லேர்ந்து ஒரு லிட்டர் புடிக்கும். அப்ப சூடு, ஆறல் வித்தியாசம் அதுல ஏழுல எட்டுல ஒரு பங்கு. இதுக்காகவா வீடியோல சண்ட போடறானுங்க? உன் புக்குல சூடாக்கி அஞ்சு நிமிஷம்னா அப்படியே பாரு, ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு பதிலா பத்து நிமிஷம் வுடு, ஒரு டீ குடிச்சிட்டு வா. நம்ம ஊர்ல வெடிகாலைல கூட ஆயில் கெட்டிப்படாது, ராத்திரி நின்ன வண்டில பாத்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. ஒரு வாட்டி அப்படி, ஒரு வாட்டி இப்படின்னு மாத்தி மாத்தி பாக்காத, அவ்ளோதான்.

இப்ப சாய்வுக்கு வரேன். உன் வெவகாரமே இங்கதான் கீது. சம்ப் ஒரு சாண் அகலம்னு வெச்சுக்க. எட்டடிக்கு ஒரு அடி எறக்கம்னா, நடுவுல ஆயில் இருந்த எடத்துல நிக்கும், ஒரு ஓரத்துல அரை இன்ச்சுக்கு மேல ஏறும், எதிர் ஓரத்துல அதே அளவு எறங்கும். ஸ்டிக்குல ரெண்டு கோட்டுக்கும் நடுவுல தூரம் எவ்ளோ? முக்கால் இன்ச்சு சொச்சம். ஸ்டிக் எந்த ஓரத்துல எறங்குதோ அதப் பொறுத்து வண்டி நிறையவும் காட்டும், காலியாவும் காட்டும். உன்துல மூக்கு கீழ எறங்கினா கம்மி காட்டுதுன்னா, ஸ்டிக் பின்னாடி ஓரமா எறங்குதுன்னு அர்த்தம்.

போட்ல இன்ஜின் எப்பவுமே சாய்வாத்தான் உக்காரும். ஷாஃப்ட் கீழ எறங்கி புரொப்பெல்லருக்குப் போகணும் இல்ல. லாரில ஓடின அதே மாடல் லேலண்ட் இன்ஜின போட்ல எறக்கினா லாரி ஸ்டிக்கு அங்க பொய் சொல்லும். அதனால என்னா பண்ணுவோம்னா, ஆயில மொத்தமா வடிச்சிட்டு, புக்குல போட்ட அளவ ஜாடில அளந்து ஊத்தி, இன்ஜின ஓட்டி, ஆஃப் பண்ணி, வார்ஃபுல அலை அடங்கியிருக்கற நேரமா பாத்து ஸ்டிக்க வுட்டு, ஈரம் நிக்கற எடத்துல புதுசா ஒரு கோடு போடுவோம். அந்த போட்டுக்கு அந்தக் கோடுதான் கணக்கு. கம்பெனி கோடு இல்ல.

நீயும் அதையே செய். அடுத்த ஆயில் மாத்தறப்ப ஃபில்டரோட சேத்து எத்தினி லிட்டருன்னு புக்குல பாத்து, அளந்து ஊத்து. குடோன் தரையில பாரு. தரை மட்டமான்னு சந்தேகம்னா கொத்தனார்கிட்ட ரசமட்டம் வாங்கி நாலு சக்கரத்துக்குப் பக்கத்துலயும் வெச்சுப் பாரு. பெட்ரோல் பங்க் தரைய நம்பாத, தண்ணி ஓடறதுக்காக சரிவு வெச்சுத்தான் போடுவானுங்க. எக்ஸ்பிரஸ் ரோடு ஓரம் கன்டெய்னர் நிக்கற எடம் சொல்லவே வேணாம். குடோன்ல சரியா இருந்தா வீட்டுக்கு ஓட்டிட்டு வா, எப்பவும் நிறுத்தற எடத்துல நிறுத்து, காலைல பாரு. எங்க நிக்குதோ அது உன் வீட்டுக் கோடு. அதுக்கு அப்பறம் குடோனுக்கு ஓட வேணாம்.

ரெண்டு பக்கமும் வேற வேற உயரம் காட்டறது சாதாரணம். ஸ்டிக் கொழாய் செவுத்துல ஒரசிட்டு வரும், அங்க ஒட்டியிருக்கற ஆயில இழுத்துட்டு வரும். கம்மியா காட்டற பக்கம்தான் கணக்கு. அதுலயும் பொட்டு பொட்டா திட்டு திட்டா இருக்கறத வுட்டுடு, பட்டையா முழு அகலத்துக்கும் ஈரமா இருக்கற எடம் எதுவோ அங்க பாரு. இன்னொண்ணு, ஆஃப் பண்ணினதும் ஸ்டிக்க வெளிய எடுத்து வெச்சிட்டு அப்பறமா காத்திரு. ரப்பர் ரிங்கு கொழாய்வாய அடைச்சிருந்தா உள்ள காத்து மாட்டிக்கும், ஆயில் நேர் மட்டத்துக்கு வராது. துடைக்க பனியன் துணி போதும், நூல் வேஸ்ட் வேணாம், பிசிறு உள்ள போகும். ஆயில் புதுசா இருந்தா கண்ணுக்கே தெரியாது, ஸ்டிக்க வெளிச்சத்துக்கு சாய்ச்சுப் புடி, பளபளப்பு எங்க நிக்குதுன்னு தெரியும்.

கடைசியா ஒண்ணு கேக்கறேன். ஸ்டிக்க உள்ள அழுத்தினப்பறம் அந்த மஞ்சள் கைப்பிடி கொழாய் மேல ஒட்டி உக்காருதா, தூக்கிட்டு நிக்குதா? செகண்ட் ஹேண்ட் வண்டின்னு சொன்னியே, அதான் கேக்கறேன். யாராவது பழைய பார்ட்ஸ் விக்கற புதுப்பேட்டைல கைக்குக் கெடைச்ச ஸ்டிக்க வாங்கி சொருகியிருப்பான்.

புல்லட் பிரியன்:

அண்ணே, இரும்பு இன்ஜினுக்கும் காருக்கும் இப்படி ஒரு வித்தியாசம் இருக்குன்னு இப்பதான் தெரியுது. என் தம்பி ஆல்டோக்கும் நான்தான் பாத்து சொல்லிட்டிருந்தேன், அவன்கிட்ட சொல்லிடறேன்.

தாங்கல் வேகன்:

அண்ணா, நீங்க கேட்டது நேரா புள்ளில அடிச்ச மாதிரி. கைப்பிடி கால் இன்ச் தூக்கிட்டுத்தான் நிக்குது! டார்ச் அடிச்சுப் பாத்தா பழைய ரப்பர் ரிங் உப்பிப்போயிருக்கு, அதுக்கு மேலயே இன்னொரு ரிங் மாட்டி வெச்சிருக்காங்க. ரெண்டும் சேந்து உள்ள எறங்க விடல. மேல மாட்டின ரிங்க கழட்டிட்டு பழைய ரிங்கையும் மாத்தினேன், இப்ப டக்குனு சத்தத்தோட உக்காருது.

ஆனா இப்ப குடோன் தரைல மேல் கோட்டை விட்டு ரொம்பவே மேல போயிடுச்சு. முன்னாடி பாத்ததை விட இன்னும் கால் இன்ச் கூட. அப்ப ஷெட்ல ஊத்தறதுக்கு முன்னாடியே வண்டி ஃபுல்லாத்தான் இருந்திருக்கு! இப்ப இத எப்படி வெளிய எடுக்கறது? ஓட்டலாமா?

காசிமேடு டீசல்:

தூக்கிட்டு நிக்கற அளவுக்கு ஸ்டிக் கம்மி காட்டும், அதான் நடந்திருக்கு. அதோட உன் வீட்டு சாய்வும் சேந்துகிச்சு.

கோட்டுக்கு மேல ஒரு நூல் ரெண்டு நூல்னா (ஒரு நூல்னா அரைக்கால் இன்ச்சு) நான் கண்டுக்க மாட்டேன். நீ சொல்றது அதுக்கு மேல. அந்த அளவு ஏறினா கிராங்க் சுத்தறப்ப ஆயில அடிச்சு நொரையாக்கும். நொரைய பம்பு இழுத்தா பேரிங்குக்கு ஆயிலுக்கு பதிலா காத்துதான் போகும். மிச்சம் பிரீத்தர், அதான் இன்ஜின் மூச்சு விடற கொழாய், அது வழியா காத்து உள்ள போற இன்டேக்குக்குப் போயி எரியும், பெட்ரோல் வண்டில புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு அது ஆகாது. வீட்டுக்கு ஓட்டிட்டு வர்றதுல ஒண்ணும் ஆயிடாது, லாங் டிரிப் மட்டும் வேணாம்.

எடுக்கறது சுலபம். மெடிக்கல்ல பெரிய சிரிஞ்ச் வாங்கு. கொளத்தூர் மீன் கடைங்கள்ல தொட்டிக்குக் காத்து விடற மெல்லிசு டியூப் கெடைக்கும், ஸ்டிக் கொழாய்க்குள்ள நுழையற சைஸா பாத்து ஒரு மீட்டர் வாங்கு. சிரிஞ்ச் முனைல இறுக்கி மாட்டி, இன்ஜின் வெதுவெதுப்பா இருக்கறப்ப உறிஞ்சு. ஆயில் சுட சுட இருக்கறப்ப கைய வெக்காத. எடுத்தத பழைய வாட்டர் பாட்டில்ல ஊத்திக்கிட்டே வா, எவ்ளோ எடுத்தன்னு கண்ணுக்குத் தெரியும். சரியா மேல் கோட்டுலயே நிறுத்தணும்னு இல்ல, நடுவுக்குக் கொஞ்சம் மேல நின்னாலும் போதும். டிரெய்ன் போல்ட்ட லூஸ் பண்ணி எடுக்கறேன்னு எறங்காத, கை முழுக்க ஆயில், வாஷரும் போயிடும். எடுத்தத சாக்கடைல ஊத்தாம ஷெட்டுல குடு, பழைய ஆயில் வாங்கறவன் வருவான்.

தாங்கல் வேகன்:

சிரிஞ்ச்ல உறிஞ்சிட்டேன். பாட்டில்ல அரை லிட்டருக்கு மேலயே சேந்திருக்கு, ஷெட்ல ஊத்தினது அப்படியே திரும்பி வந்துடுச்சு போல. குடோன் தரைல முக்கால் அளவுல நிக்குது. அதே வண்டிய வீட்டு சரிவுல நிறுத்திக் காலைல பாத்தேன், கீழ்க் கோட்டுக்கு ஒரு நூல் மேல. ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கேன். ஸ்டிக்குல கோடு போடறதுக்கு அரம் வெச்சு அறுக்கலாமா?

காசிமேடு டீசல்:

அறுக்காத. மெல்லிசு தகடு, வெட்டு விழுந்த எடத்துல ஒடிஞ்சு சம்ப்புக்குள்ள வுழுந்தா அதுக்கு வேற தனி செலவு. கூரான ஆணி முனைல லேசா ஒரு கீறல் போதும். ஃபோட்டோவே போதும்னா அதையே வெச்சுக்க. மாசத்துக்கு ஒரு வாட்டி அதே எடத்துல பாரு. அந்தக் கோட்டுலேர்ந்து கீழ எறங்கினா மட்டும் ஊத்து, அதுவும் ஒரு டம்ளர் அளவு ஊத்தி, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்து, அப்பறம் மிச்சம். டாஷ்போர்டுல செவப்பு ஆயில் லைட்டு வர்ற வரைக்கும் காத்திருக்காத, அது பிரஷர் லைட்டு. அது எரியறப்ப லெவல் எப்பவோ போயிருக்கும்.

எர்ணாவூர் டீசல் வண்டி:

அண்ணா, என்துல நேர்மாறா இருக்கு. பிஎஸ் 6 டீசல், 2021 மாடல். ஊத்தாமலே லெவல் ஏறுது. டைட் டிராஃபிக்ல எண்ணூர் ரோட்டுலயே ஓடற வண்டி.

காசிமேடு டீசல்:

2020 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த டீசல் காருல சைலன்ஸர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் கீது. கரி சேந்ததும் அத எரிக்கறதுக்கு இன்ஜின் தானா கூடுதல் டீசல் அடிக்கும். ஊர்ந்து ஊர்ந்து போற வண்டில அந்த எரிப்பு பாதில நின்னு நின்னு போகும், எரியாத டீசல் சிலிண்டர் செவுத்துல வழிஞ்சு ஆயிலோட கலக்கும். லெவல் ஏறும், ஆயில் தண்ணியாகும். ஸ்டிக்க மோந்து பாருங்க. டீசல் வாடை தூக்கலா இருந்தா சிரிஞ்ச்ல உறிஞ்சி லெவல சரி பண்ற வேலையே வேணாம், ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திடுங்க. அப்பறம் வாரத்துல ஒரு நாள் பொன்னேரி பக்கம் ஹைவேல அரை மணி நேரம் நிக்காம ஓட்டிட்டு வாங்க.

வாடை இல்லாம ஆயில் காபி கலர்ல வெளுத்திருந்தா அது தண்ணி. மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்த 2023 டிசம்பர்ல நம்ம பக்கம் எத்தினியோ வண்டில அத பாத்தேன். அப்படி இருந்தா சாவியவே திருப்பாதீங்க, டோ பண்ணி எடுத்துட்டுப் போங்க.