25 ஸ்கொயர் (25 சதுர எம்எம்) வயர்ல லக் சால்டர் பண்ணுறது எப்படி? ஈயம் உள்ள எறங்கவே மாட்டேங்குது

மார்த்தாண்டம்_பேஸ்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ஒரு பழைய பொலிரோ கெடக்கு, அதுல 12 இஞ்ச் சப்வூஃபரும் (பேஸ் ஸ்பீக்கர்) அதுக்கு மோனோ ஆம்ப்ளிஃபயரும் மாட்டிட்டு இருக்கேன், ஆம்ப் 800 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தர்ற பவர்). பேட்டரில இருந்து பின்னாடி வரைக்கும் வயர் 5 மீட்டர் கிட்ட வருது. 4 கேஜ்னு (வயர் தடிமன் அளவு, 25 ஸ்கொயர் கிட்ட வரும்) சொல்லி ஒரு கிட் வாங்கினேன், அதுல லக் (வயர் முனைல மாட்டி போல்ட்டுல முறுக்குறது, ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் ஓட்டை உள்ள தட்டை) சும்மா தனியா கெடக்கு, மாட்டுறது நம்ம பாடு. கைல இருக்கது 25 வாட் சால்ட்ரிங் அயன், ஸ்பீக்கர் வயர், சார்ஜர் வயர் எல்லாம் அதுலதான் பத்த வைப்பேன், நல்லா வரும். ஆனா இந்த லக்ல வச்சா ஈயம் உருண்டு உருண்டு கீழ விழுது, ஒட்டவே இல்ல. ஆக்சசரீஸ் கடைல கேட்டா லக்குல வயர சொருகி சுத்தியல் வச்சு ரெண்டு தட்டு தட்டுங்க போதும்னு சொல்லுறாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. பெரிய அயன் வாங்கணுமா, இல்ல கேஸ் டார்ச் வச்சு செய்யலாமா? இத நானே படிச்சு செய்யணும்னு ஆசை, அதனால கடைல கொண்டு குடுன்னு மட்டும் சொல்லாதீங்க.

தக்கலை_வயர்மேன்:
தம்பி, 25 வாட் வச்சு இத பண்ணுறது பெரிய உருளி நெறைய தண்ணி வச்சு அடியில தீக்குச்சி காட்டுற கதைதான். 60/40 ஈயம் 183ல உருக ஆரம்பிச்சு 190 டிகிரி கிட்ட முழுசா உருகிடும், உன் அயன் முனை அதுக்கு மேல சூடாதான் இருக்கும், ஆனா அந்த லக்கும் அம்புட்டு கனமான காப்பரும் சூட்ட உறிஞ்சி வயர் வழியா கொண்டு போயிடும், தொட்ட ஒடனே முனை ஆறிப்போவும். ஈயம் உருகுறது அயன்லதான், லக் சூடாகவே இல்ல, அதான் உருண்டு விழுது. 100 வாட்டுக்கு மேல தடி முனை உள்ள அயன் வேணும், இல்லைன்னா சின்ன கேஸ் டார்ச். எனக்கு டார்ச்தான் எளுப்பமா தெரியும்.

செய்யுற வெதம் சொல்லுகேன் கேளு. வயர் தோல லக் குழாய் எவ்ளோ ஆழமோ அவ்ளோ மட்டும் உரி, இழை ஒண்ணுகூட வெட்டுப்படக் கூடாது. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ (சூடு பட்டா சுருங்கி இறுக்கி மூடுற குழாய்) முதல்லயே வயர்ல கோத்து ஒரு அடி தள்ளி விட்டுடு, பக்கத்துல இருந்தா அங்கயே சுருங்கிடும், கடைசில கோக்க மறந்தா பிறகு வழியே இல்ல. லக்கோட தட்டை பாகத்த மட்டும் வைஸ்ல புடிச்சு குழாய் வாய் மேல பாக்க நிறுத்து, வைஸ் இரும்பு நேரா பட்டா அதுவும் சூட்ட இழுக்கும், ரெண்டு பக்கமும் மரத்துண்டு வச்சுக்கோ. குழாய்க்கு உள்ள கொஞ்சம் பேஸ்ட் (ஈயம் நல்லா புடிக்க வைக்கிற ஃப்ளக்ஸ்), வயர் முனைலயும் கொஞ்சம் பேஸ்ட். தீய குழாய்க்கு வெளிய காட்டு, ஈயத்து மேல காட்டாத. ஈயக்கம்பிய குழாய்க்கு உள்ள தொட்டுத் தொட்டு பாரு, லக்கோட சூட்டுலயே அது உருகணும், அதுதான் அடையாளம். பாதிக்கு கொறவா நெறஞ்சதும் வயர பைய உள்ள எறக்கு, கொஞ்ச நேரம் தீய எடுக்காம காட்டிட்டே இரு, வயரும் சூடாகி ஈயம் இழைக்கு உள்ள போன பிறகு தீய எடு. எடுத்த பிறகு ஆடாம புடிச்சுக்கோ, ஊதவும் வேண்டாம், தண்ணில முக்கவும் வேண்டாம். நல்ல ஜாயிண்ட்னா பளபளன்னு இருக்கும், மங்கி சொரசொரன்னு இருந்தா திரும்ப சூடாக்கணும்.

லக் நடுவுல சின்ன ஓட்டை இருந்தா அது கிரிம்ப் பண்ணும்போது (ஈயம் இல்லாம கருவி வச்சு லக்க வயரோட சேத்து அமுக்குறது) வயர் முழுசா உள்ள வந்துச்சான்னு பாக்குறதுக்கு உள்ளது, ஈயம் அதுவழியா ஒழுகிடும், ஓட்டை இல்லாததா வாங்கு.

குளச்சல்_போட்:
வயர்மேன் அண்ணே சொன்ன முறை சரிதான், ஆனா நான் வேற பக்கம் நிக்கேன். நான் போட்டுக்கு வயரிங் பண்ணுறவன், பேட்டரி கேபிள் ஒருபாடு பாத்திருக்கேன். ஈயம் குழாய்க்கு உள்ள நிக்காது மக்கா, இழை இடுக்கு வழியா தோலுக்கு உள்ள ஏறிடும், ஏறின எடம் வரைக்கும் வயர் விறைச்சுப்போவும். பிறகு அதிர்வு முழுசும் அந்த விறைப்பு முடியுற ஓரத்துல வந்து சேரும், அங்கதான் இழை ஒண்ணொண்ணா அறும், வெளிய ஸ்லீவ் இருக்கதால கண்ணுக்கும் தெரியாது. போட்டுல இன்ஜின் அதிர்வு, உனக்கு டீசல் பொலிரோ, அதுவும் களியக்காவிளை ரோடு, நீயே யோசிச்சுக்க.

அமெரிக்காவுல போட்டுக்கு ஸ்டாண்டர்ட் போடுற ஏபிஒய்சி ஒரு ஜாயிண்ட ஈயம் மட்டும் தாங்கி நிக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கு. பேட்டரி லக்குக்கு மட்டும் விலக்கு, அதுவும் ஈயம் புடிச்ச நீளம் வயர் தடிமனுல ஒன்றரை மடங்காவது இருக்கணும். அதனால என் பழக்கம் ஹைட்ராலிக் கிரிம்ப்பர்ல ஆறுமூல டை (அச்சு) போட்டு அமுக்குறது, அது மேல உள்பக்கம் பசை வச்ச ஸ்லீவ். நமக்கு ஆனி ஆடிலயும் மழ, ஐப்பசிலயும் மழ, கடலோரம்னா உப்புக்காத்து வேற, பசை இல்லாத ஸ்லீவுக்கு உள்ள தண்ணி ஏறி காப்பர் பச்சை புடிச்சிரும். கிரிம்ப்பர் வெலை கூடுதல்தான், சொந்தமா வாங்க வேண்டாம், பேனல் போர்டு வேலை பாக்குற எலக்ட்ரீசியன் யார்கிட்டயாவது இருக்கும், லக்க கொண்டு போனா நின்ன நிலைல அமுக்கித் தருவாங்க. சுத்தியல் மட்டும் வேண்டாம், வெளிய சப்பி இருக்கும், உள்ள பாதி எடம் காலியா கெடக்கும்.

தக்கலை_வயர்மேன்:
கிரிம்ப் நல்லதுதான் போட்டு அண்ணே, யாரு இல்லைன்னா. பையன் சால்டர் படிக்கணும்னு கேக்கான், அதச் சொன்னேன். ஈயம் மேல ஏறாம இருக்க தோல் தொடங்குற எடத்துல ஈரத்துணி சுத்திட்டா போதும், சூடும் ஏறாது ஈயமும் ஏறாது, தோலும் உருகாது. அது போக லக்குல இருந்து ஒரு சாண் தள்ளி வயர பாடில கிளாம்ப் அடிச்சா அதிர்வு ஜாயிண்டுக்கு வராது. இத ரெண்டும் செஞ்சு வச்ச வண்டி வருஷக்கணக்கா ஓடுது.

கோட்டாறு_12வோல்ட்:
நீங்க ரெண்டு பேரும் சண்ட போடுறதுக்கு முன்ன அது காப்பர்தானான்னு பாருங்கப்பா. தம்பி, கிட்ல வந்த வயர்ல ஒரு இழைய எடுத்து பிளேடால சொரண்டு. உள்ளயும் செவப்பா இருந்தா காப்பர். உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியத்துக்கு மேல காப்பர் பூசினது, சிசிஏம்பாங்க. வெளிய வெள்ளையா உள்ள செவப்பா இருந்தா பயப்படாத, அது டின் பூசின காப்பர், கடலோரத்துக்கு அதுதான் கொள்ளாம். சிசிஏல சால்டர் படிக்காத, மேல உள்ள பூச்சு மெல்லிசு, சூட்டுல ஈயம் அதத் தின்னுடும், அடியில உள்ள அலுமினியத்துல சாதாரண ஈயம் புடிக்கவே புடிக்காது.

இன்னொண்ணு, பேஸ்ட் வாங்கும்போது ரோசின் (மரப்பிசின்) உள்ளதா கேட்டு வாங்கு. தகரம் பத்த வைக்கிற ஆசிட் வச்சுடாத, சட்டுனு புடிக்கும்தான், ஆனா மிச்சம் இருக்க ஆசிட் வயருக்கு உள்ளயே இருந்து அரிச்சுக்கிட்டே போவும், அங்க கழுவவும் முடியாது.

மார்த்தாண்டம்_பேஸ்:
அண்ணே சொரண்டிப் பாத்தேன், உள்ள வெள்ளைதான் 😭 சவம், பாக்கெட்டுல 4 கேஜ்னு எம்புட்டு பெருசா போட்டிருக்கு. இப்ப நாகர்கோவில் போயி என்னன்னு கேட்டு வாங்கணும்? வெல்டிங் கேபிள் போட்டா நடக்குமா? பிறகு ஆம்ப் பக்கம் லக் வராது, வயர சொருகி ஸ்க்ரூ முறுக்குறதுதான், அங்க முனைக்கு ஈயம் பூசிட்டு சொருகட்டுமா?

கோட்டாறு_12வோல்ட்:
வெல்டிங் கேபிள் தாராளமா போடலாம், இழை மெல்லிசு, நல்லா வளையும். 25 ஸ்கொயர் காப்பர்னு அழுத்திக் கேளு, அலுமினிய வெல்டிங் கேபிளும் விக்கிறாங்க, அங்கயும் சொரண்டிப் பாத்துத்தான் காசு குடு. இன்ஜின் பக்கம் எண்ணெயும் சூடும் இருக்கதால எச்ஓஎஃப்ஆர் (சூடு, எண்ணெய், தீ தாங்குற) ரப்பர் தோல் உள்ளதா பாரு. 4 கேஜ்ங்கிறது 21 ஸ்கொயர் சொச்சம், அதனால 25 தாராளம். கணக்கு பாத்தா 800 வாட் கிளாஸ் டி (கரண்ட்ட கொறவா வீணாக்குற வகை ஆம்ப்) முழுசா இழுக்கும்போது 70 ஆம்பியர் கிட்ட வரும், 5 மீட்டர் 25 ஸ்கொயர் காப்பர்ல போறது கால் வோல்ட்டுதான், அதே தடிமன் சிசிஏல 0.4 வோல்ட் கிட்ட போயிடும். கிரவுண்டுக்கும் இதே தடிமன் வயர் போடு, நீளத்த சுருக்கி, பெயிண்ட சொரண்டி வெறும் தகரத்துல போல்ட் வை.

ஆம்ப் பக்கம் ஈயம் பூசாத. ஈயம் மெதுவு, ஸ்க்ரூ அமுக்க அமுக்க அது நாள் போகப் போக நசுங்கி வெலகும், ஸ்க்ரூ லூசாகும், லூசானா சூடாகும், பிறகு டெர்மினல் பிளாஸ்டிக் உருகும். வெறும் இழைய முறுக்கி சொருகு, இல்ல ஃபெரூல் (இழை முனைக்கு மாட்டுற சின்ன உலோகக் குழாய்) போட்டு அமுக்கி சொருகு.

குளச்சல்_போட்:
ஃபியூஸ் பேட்டரில இருந்து ஒன்றரை அடிக்குள்ள இருக்கணும், 80 ஆம்பியர் போதும். ஃபியூஸ் ஆம்ப காப்பாத்த இல்ல, நடுவுல எங்கயாவது வயர் தேஞ்சு பாடில பட்டா வண்டி தீப்புடிக்காம இருக்கதுக்கு.

மார்த்தாண்டம்_பேஸ்:
செரி அண்ணே. டார்ச்ச வண்டில வச்சே பத்த வைக்கலாமா, இல்ல கழத்தி வெளிய வச்சு செய்யணுமா?

தக்கலை_வயர்மேன்:
எடேய், பேட்டரி பக்கத்துல தீய கொண்டு போவாத, சார்ஜ் ஆகும்போது அதுல இருந்து ஹைட்ரஜன் வரும். அளவு எடுத்து வெட்டி லக்க வீட்டுத் திண்ணைல வச்சே முடிச்சுட்டு வயர மட்டும் வண்டிக்கு கொண்டு போ. மாட்டும்போது நெகட்டிவ முதல்ல கழத்து, கடைசில மாட்டு. கைல மோதிரம், காப்பு கெடந்தா ஊரி வச்சிரு. ஈயப் புகைய மூஞ்சிக்கு நேரா இழுக்காத, வேலை முடிஞ்சு கை கழுவாம சோத்துல கை வைக்காத. லக் வாங்கப் போகும்போது பேட்டரி போல்ட்ட அளந்துட்டு போ, கடைல 25-8 ன்னு கேட்டா 25 ஸ்கொயர் வயருக்கு 8 எம்எம் ஓட்டை உள்ளது தருவாங்க, ரெண்டு மூணு கூடுதலாவே வாங்கிக்கோ, வெட்டி மிச்சமான துண்டு வயர்ல மொதல்ல போட்டு, கட்டிங் பிளேயர்ல புடிச்சு நல்லா இழுத்துப் பாரு, வரலன்னா மெயின் வயர்ல கை வை.