ரிசால்வ் எடிட்டிங்குக்கு 9950எக்ஸ் பில்டு: இந்த லிஸ்ட்டில் எதை மாற்றலாம்?

டைம்லைன்_சென்னை

வணக்கம். கல்யாண வீடியோவுக்கும் குறும்படத்துக்கும் சேர்த்து ஒரு மெஷின் அசெம்பிள் பண்ணப் போகிறேன். முக்கிய வேலை டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ (வீடியோ எடிட்டிங் மென்பொருள்), அவ்வப்போது பிளெண்டர் (3டி மென்பொருள்). கேமரா சோனி ஏ7 ஃபோர், 4கே 50 ஃபிரேம், 10 பிட். மூன்று கேமரா ஃபுட்டேஜை ஒரே நேரத்தில் ஓட்டி எடிட் பண்ணும் மல்டிகேம் அடிக்கடி வரும். ரூமில் ஏசி இல்லை.

இப்போது கையில் இருக்கும் லிஸ்ட்: ரைசன் 9 9950எக்ஸ் பிராசஸர், எக்ஸ்870இ மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5-6000 ரேம் நான்கு, ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, 4 டிபி ஜென்5 எஸ்எஸ்டி, 1200 வாட் பவர் சப்ளை, 360 எம்எம் லிக்விட் கூலர். எதைக் குறைக்கலாம், எதைக் கூட்டணும்?

கோடெக்_பித்தன்

முதலில் ஃபுட்டேஜைப் பாருங்கள், பார்ட்ஸ் அப்புறம். ஒரு கிளிப்பை மீடியாஇன்ஃபோவில் (ஃபைல் விவரம் காட்டும் மென்பொருள்) திறந்து மூன்று வரியை மட்டும் கவனியுங்கள்: ஃபார்மட், குரோமா சப்சாம்ப்ளிங் (நிற விவரம் எவ்வளவு சேமிக்கப்படுகிறது என்பது; 4:2:2-இல் 4:2:0-ஐ விட அதிகம்), பிட் டெப்த். ஏ7 ஃபோரில் 10 பிட் என்றால் பெரும்பாலும் 4:2:2 தான் வைத்திருப்பீர்கள். மெஷின் திணறப்போவது அங்கேதான்.

4:2:0 ஹெச்இவிசி (ஹெச்.265 என்ற வீடியோ சுருக்க முறை) என்றால் கடந்த சில வருஷங்களில் வந்த எந்த கிராஃபிக்ஸ் கார்டும் டிகோட் செய்துவிடும், அதாவது சுருக்கத்தை விரித்துவிடும். 4:2:2 வேறு கதை. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையின் டிகோடருக்கு 4:2:2 தெரியாது. வேலை முழுக்க பிராசஸர் தலையில் விழும். 9950எக்ஸ் ஒரு ஸ்ட்ரீமைச் சமாளிக்கும், மூன்று கேமராவை அடுக்கினால் பிளேபேக் திக்கும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் என்விடியா இதைச் சேர்த்தது, ஹெச்.264, ஹெச்இவிசி இரண்டிலும்.

ஆகவே 4070 சூப்பரை எடுத்துவிட்டு 5070 டிஐ போடுங்கள். 12 ஜிபிக்குப் பதில் 16 ஜிபி விரேம் (கார்டின் சொந்த மெமரி) கிடைக்கும். 4கே டைம்லைனில் டெம்போரல் நாய்ஸ் ரிடக்ஷன் (அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு இரைச்சலைக் குறைப்பது) போட்டு மேலே இரண்டு ஓஎஃப்எக்ஸ் எஃபெக்ட் சேர்த்தாலே 12 ஜிபி நிரம்பிவிடலாம். அப்போது 'ஜிபியு மெமரி ஃபுல்' என்று ரெண்டர் பாதியில் நிற்கும். பணம் போதாது என்றால் பிராசஸரை 12 கோர் 9900எக்ஸ் ஆக்கியாவது கார்டை வாங்குங்கள். ரிசால்வில் கலர், நாய்ஸ் ரிடக்ஷன், எஃபெக்ட் எல்லாம் கார்டில்தான் ஓடுகின்றன.

குவிக்சிங்க்_ரசிகன்

இன்டெல் பக்கமும் ஒரு வார்த்தை. கோர் அல்ட்ரா 7 265கே பிராசஸரின் உள்ளேயே இருக்கும் குவிக் சிங்க் (வீடியோ டிகோடர்) 4:2:2 10 பிட் ஹெச்இவிசியை அருமையாக டிகோட் செய்யும். 8 பி-கோர் (வேகமானவை), 12 இ-கோர் (மின்சாரம் குறைவாக எடுப்பவை), உச்சத்தில் 250 வாட். கார்டை அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம் என்றால் இந்த வழி பணத்தை மிச்சப்படுத்தும்.

கோடெக்_பித்தன்

ஹெச்இவிசிக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஏ7 ஃபோரின் ரெக்கார்டிங் ஃபார்மட்களில் எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ் மட்டும்தான் ஹெச்இவிசி. எக்ஸ்ஏவிசி எஸ், எஸ்-ஐ இரண்டும் ஹெச்.264 (இன்னொரு பெயர் ஏவிசி). 265கே-யின் குவிக் சிங்க் ஹெச்.264 4:2:2 10 பிட்டைத் தொடாது. அதனால்தான் மீடியாஇன்ஃபோவைப் பார்க்கச் சொன்னேன். 'ஏவிசி' என்று காட்டினால் 50 வரிசைக் கார்டு, 'ஹெச்இவிசி' என்றால் இரண்டு வழியும் திறந்திருக்கிறது.

இரட்டைச்சேனல்

ரேமைப் பற்றி யாரும் பேசவில்லை. லிஸ்ட்டிலேயே பெரிய சிக்கல் அந்த நான்கு குச்சிதான்.

9950எக்ஸுக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் கணக்கு: இரண்டு குச்சி என்றால் டிடிஆர்5-5600, நான்கு என்றால் 3600. பெட்டியில் 6000 என்று போட்டிருப்பது எக்ஸ்போ (பயாஸில் ஆன் செய்யும் ரேம் செட்டிங்) தரும் ஓவர்கிளாக் வேகம். அதுவும் அந்தக் கிட்டில் வரும் இரண்டு குச்சிக்குத்தான். நான்கைச் செருகி எக்ஸ்போவை ஆன் செய்தால் ஒன்று பூட் ஆகாது, இல்லையென்றால் பூட் ஆகி நாலு மணி நேர ரெண்டரின் நடுவில் சாயும். இரண்டாவதுதான் கொடுமை. காரணம் ரேம் என்று தெரியாமல் டிரைவரையும் விண்டோஸையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

48 ஜிபி குச்சி இரண்டு, ஒரே கிட்டாக, மொத்தம் 96 ஜிபி வாங்குங்கள். மூன்று கேமரா 4கே-க்குத் தாராளம். 128 வேண்டும் என்றால் 64 ஜிபி இரட்டைக் கிட்டும் இருக்கிறது. 'இப்போது இரண்டு, பிறகு இன்னொரு இரண்டு' என்ற திட்டம் டிடிஆர்5-இல் வேண்டாம். வாங்குமுன் போர்டு கம்பெனியின் க்யூவிஎல் பட்டியலில் (அந்தப் போர்டில் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல்) கிட்டின் பார்ட் நம்பரைத் தேடிப் பாருங்கள்.

செருக வேண்டியது ஏ2, பி2 ஸ்லாட்டில். பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது. முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும், டிராம் எல்ஈடி மட்டும் எரியும். அது மெமரி டிரெய்னிங் (போர்டு ரேமுக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வது). செத்துவிட்டது என்று நினைத்து ஸ்விட்சை அணைக்காதீர்கள். விண்டோஸ் போடுவதற்கு முன்பே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் எக்ஸ்போ வேகத்தை 6000-லிருந்து 5600-க்கு இறக்கி மறுபடி சோதியுங்கள்.

லேன்_கணக்கு

போர்டும் எஸ்எஸ்டியும். 9950எக்ஸில் பயன்படுத்தக் கிடைப்பது 24 பிசிஐஇ லேன் (பிராசஸருக்கும் கார்டு, டிரைவுகளுக்கும் நடுவில் டேட்டா போகும் பாதை). கார்டுக்கு 16, முதல் எம்.2-க்கு (எஸ்எஸ்டி செருகும் ஸ்லாட்) 4, மிச்சம் 4. எக்ஸ்870இ போர்டுகளில் யுஎஸ்பி4 கட்டாயம், அந்த மிச்ச நான்கை அது எடுத்துக்கொள்ளும். அதனால் பல போர்டுகளில் இரண்டாவது ஜென்5 எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டால் கார்டு 16-லிருந்து 8 லேனுக்கு இறங்கும். மேனுவலில் பிளாக் டயகிராமைப் பார்த்து, பிராசஸரிலிருந்து நேராக வராமல் சிப்செட்டிலிருந்து (போர்டில் உள்ள துணை சிப்) வரும் எம்.2 எது என்று குறித்துக்கொண்டு அங்கே போடுங்கள். யுஎஸ்பி4 தேவையில்லை என்றால் நல்ல விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதி) உள்ள பி650இ போர்டே போதும்.

ஜென்5 எஸ்எஸ்டி இந்த வேலைக்கு வீண். எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ 4கே 50 ஃபிரேம் என்பது 500 மெகாபிட், அதாவது நொடிக்கு 62.5 எம்பி. மூன்று கேமரா சேர்ந்தாலும் 190 எம்பி தாண்டாது. ஜென்4 டிரைவ் 7000 எம்பி படிக்கும். அந்தக் காசில் 1 டிபி விண்டோஸுக்கு, 2 டிபி ஃபுட்டேஜுக்கும் கேஷுக்கும் என்று இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். டிஎல்சி நாண்ட் (மெமரி சிப் வகை), டிராம் கேஷ் (டிரைவின் சொந்த ரேம்) இரண்டும் இருக்கணும். விலை குறைந்த க்யூஎல்சி வகை டிரைவில் பெரிய மெமரி கார்டைக் காப்பி செய்யும்போது எஸ்எல்சி கேஷ் (வேகமாக எழுத ஒதுக்கிய பகுதி) நிரம்பியதும் வேகம் பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்கு விழும். ஆர்க்கைவுக்கு 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க், சிஎம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதுவது) மட்டும்.

டைம்லைன்_சென்னை

மீடியாஇன்ஃபோ பார்த்தேன்: ஏவிசி, 4:2:2, 10 பிட். அப்போ 5070 டிஐ, 96 ஜிபி கிட் என்று முடிவு செய்கிறேன். பவர் சப்ளை, சூடு, யுபிஎஸ் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

ஓம்ஸ்_லா

கணக்கு எளிது. 9950எக்ஸ் முழு லோடில் சாக்கெட்டில் 230 வாட், 5070 டிஐ 300 வாட், ஃபேன், டிரைவ், போர்டு எல்லாம் சேர்த்து 80 முதல் 100. மொத்தம் 630 அளவில் நிற்கும். 850 வாட் போதும். ஆனால் ஏடிஎக்ஸ் 3.1 (பவர் சப்ளைக்கான தர விதி), சப்ளையிலிருந்தே கார்டுக்கு நேராக வரும் 12வி-2x6 கேபிள் இரண்டும் கட்டாயம். கேபிளை அடிவரை அழுத்துங்கள். கனெக்டருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் இடைவெளி தெரியக்கூடாது. முதல் மூன்றரை சென்டிமீட்டர் நேராகப் போன பிறகுதான் வளைக்கணும். பாதி செருகிய கனெக்டரில் மின்சாரம் சில பின்களில் மட்டும் குவிந்து பிளாஸ்டிக் உருகும்.

யுபிஎஸ்: வாட் அளவைப் பாருங்கள், விஏவை அல்ல. கடையில் கிடைக்கும் பல 1000 விஏ யுபிஎஸ் 600 வாட்தான் தாங்கும். முழு ரெண்டரில் கரண்ட் போனால் மெஷினும் கூடவே போகும். மானிட்டரையும் சேர்த்து 900 வாட் தாங்கும், பியூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை) தரும் யுபிஎஸ் வாங்குங்கள். விலை குறைந்தவை தரும் படிக்கட்டு அலையில், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள பவர் சப்ளைகள் சில, பேட்டரிக்கு மாறும் நொடியிலேயே அணைந்துவிடும்.

சூட்டைப் பொறுத்தவரை, சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையே 35 டிகிரிக்கு மேல். 9950எக்ஸ் 95 டிகிரி வரை போவது அதன் வடிவமைப்பு, ஆபத்து இல்லை. ஆனால் ஃபேன் அலறும், அறை இன்னும் கொதிக்கும். பயாஸில் ஈகோ மோட் (பிராசஸர் பவரைக் குறைக்கும் செட்டிங்) 105 வாட் வையுங்கள். சாக்கெட் பவர் 142 வாட்டாக இறங்கும், ரெண்டர் நேரம் சற்றே கூடும், அவ்வளவுதான். அப்படி வைத்தால் 360 லிக்விட் கூலர்கூட வேண்டாம்; இரட்டை டவர் ஏர் கூலர் போதும், பம்ப் பழுதாகும் கவலையும் இல்லை. கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் மெஷ்ஷாக இருக்கட்டும்.

லேன்_கணக்கு

அசெம்பிள் செய்யும்போது கார்டைக் கடைசியில் போடுங்கள். 9950எக்ஸில் சின்ன கிராஃபிக்ஸ் இருப்பதால் போர்டின் ஹெச்டிஎம்ஐயிலேயே பயாஸ் அப்டேட், மெம்டெஸ்ட் இரண்டையும் முடிக்கலாம். அப்போது தவறு வந்தால் கார்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கோடெக்_பித்தன்

ரிசால்வ் போட்டதும் பிரிஃபரன்ஸில் டிகோட் ஆப்ஷனுக்குப் போய் ஹெச்.264, ஹெச்.265 இரண்டுக்கும் என்விடியா டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். மூன்று கேமரா டைம்லைனை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்தால் 'வீடியோ டிகோட்' கோடு ஏறணும். அது படுத்தபடியே இருந்து பிராசஸர் ஏறினால் டிகோட் இன்னும் மென்பொருளில்தான் நடக்கிறது; என்விடியாவின் ஸ்டூடியோ டிரைவரைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.

ஓம்ஸ்_லா

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினால் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லில் ஏறியிருக்கிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள். ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் வாரண்டி கேட்கும்போது பில் இல்லையென்றால் இழுத்தடிப்பார்கள்.