அலுவலகக் கணினிக்கு டொமைன் கணக்கு: தேவையா, தொல்லையா?

வரவுசெலவு:
எங்கள் அலுவலகத்தில் இதுவரை ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு லோக்கல் கணக்கு, அதாவது அந்தந்தக் கணினிக்குள்ளேயே இருக்கும் கணக்கு. பாஸ்வேர்டை நாமே வைத்தோம், நாமே மாற்றினோம், பலர் மாற்றவே இல்லை. இப்போது எல்லா மெஷினையும் டொமைனில், அதாவது எல்லோருடைய கணக்கையும் சர்வரில் வைத்து நிர்வகிக்கும் அமைப்பில், சேர்க்கப் போகிறார்களாம். இனி நிறுவனம் தரும் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுத்தான் உள்ளே போக முடியும். நான் கணக்குப் பிரிவு. மாதக் கடைசியில் வீட்டில் உட்கார்ந்தும் வேலை செய்வேன், பயணத்திலும் செய்வேன். எங்கேயோ இருக்கிற சர்வர் "சரி, விடு" என்று சொன்னால்தான் என் லேப்டாப் திறக்கும் என்றால், நெட் இல்லாத இடத்தில் நான் என்ன செய்வது? இதில் எனக்கு என்ன லாபம் என்று யாராவது சொல்லுங்கள். ஐடி பிரிவுக்கு என்ன லாபம் என்பது தெரியும், அதை விட்டுவிடலாம்.

சர்வர் அறைக்காரன்:
முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நெட் இல்லாவிட்டாலும் திறக்கும். டொமைன் கணக்கில் ஒருமுறை அலுவலக நெட்வொர்க்கில் இருந்தபடி லாகின் செய்துவிட்டால், அதைச் சரிபார்க்கத் தேவையான ஒரு ஹாஷ் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுத்த ஒரு குறியீடு) உங்கள் கணினியிலேயே தங்கிவிடும். பாஸ்வேர்டு அப்படியே தங்காது. டொமைன் கன்ட்ரோலர், அதாவது கணக்குகளை வைத்திருக்கும் சர்வர், எட்டாதபோது விண்டோஸ் அந்த ஹாஷை வைத்து ஆளைச் சரிபார்த்துக்கொள்ளும். வழக்கமான அமைப்பில் கடைசியாக நுழைந்த 10 பேருக்கு இது தங்கும். ஒரே ஒரு நிபந்தனைதான்: டொமைனில் சேர்த்த அன்றே, அலுவலகத்தில் இருக்கும்போதே, ஒருமுறை உங்கள் புதுக் கணக்கில் நுழைந்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அதைச் செய்யாமல் போகிறவர்களுக்குத்தான் "லாகின் சர்வர் எதுவும் கிடைக்கவில்லை" என்ற செய்தி வரும்.

உங்களுக்கு லாபம் என்ன என்றால், காலையில் ஒருமுறை பாஸ்வேர்டு அடித்தால் போதும். டொமைன் கன்ட்ரோலர் கெர்பரோஸ் டிக்கெட் என்ற ஒரு மின்னணு நுழைவுச் சீட்டைத் தரும். வழக்கமாக 10 மணி நேரம் செல்லும். ஷேர் ஃபோல்டரோ பிரிண்டரோ, அதைக் காட்டியே உள்ளே போகலாம், ஒவ்வொரு இடத்திலும் பாஸ்வேர்டு கேட்காது. லேப்டாப் கெட்டுப்போனால் பக்கத்து மேசைக் கணினியில் உங்கள் கணக்கிலேயே நுழைந்து வேலையைத் தொடரலாம். பாஸ்வேர்டு மறந்தால் ஒரு போன் போதும்.

தனிமேசை:
சர்வர் அண்ணா பாதியைத்தான் சொல்கிறார். மீதியை நான் சொல்கிறேன்.

ஒரு கணினியை டொமைனில் சேர்த்த நொடியில், டொமைனை நிர்வகிக்கும் டொமைன் அட்மின் குழு முழுவதும் உங்கள் கணினியின் லோக்கல் அட்மின் பட்டியலில் (அந்தக் கணினியில் எதையும் செய்யும் உரிமை உள்ளவர்கள்) ஏறிவிடும். யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். அவர்கள் நினைத்தால் நெட்வொர்க் வழியாகவே உங்கள் சி டிரைவைத் திறந்து பார்க்கலாம். டொமைனில் கணக்கு உள்ளவர்கள் அடங்கிய டொமைன் யூசர்ஸ் குழுவும் சாதாரணப் பயனர் பட்டியலில் சேர்ந்துவிடும். அதாவது, நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் மேசையில் உட்கார்ந்து அவர் கணக்கில் நுழையலாம். "பக்கத்து மேசையில் நுழையலாம்" என்று அண்ணா சொன்ன வசதியின் மறுபக்கம் இது.

அப்புறம் பாஸ்வேர்டு காலாவதி. எதையும் மாற்றாமல் விட்ட டொமைனில் 42 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும். மனிதர்கள் என்ன செய்வார்கள்? கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள். திரைக்குக் கீழே ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள். லோக்கல் கணக்கில் இருக்கும் நல்ல நீளமான பாஸ்வேர்டைவிட இது எப்படிப் பாதுகாப்பு?

பூட்டுசாவி:
42 நாள் விஷயத்தில் தனிமேசை பக்கம்தான் நான். அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலே, காரணம் இல்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2019ல் விண்டோஸ் 10க்கான தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து மைக்ரோசாஃப்டும் அதை எடுத்துவிட்டது. ஆனால் அது டொமைனின் குறை இல்லை, டொமைனில் யாரோ வைத்திருக்கும் ஒரு விதியின் குறை. ஓர் இடத்தில் மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும்.

லோக்கல் கணக்குப் பக்கத்தில் யாரும் பேசாத ஒன்று உண்டு. டொமைன் இல்லாத பல அலுவலகங்களில் எல்லா லேப்டாப்பிலும் அட்மின் கணக்கின் பெயரும் ஒன்றாகவே இருக்கும், பாஸ்வேர்டும் ஒன்றாகவே இருக்கும். வாங்கிய அன்று யாரோ ஒருவர் வைத்தது. ஒரு கணினியில் அந்த அட்மின் பாஸ்வேர்டின் ஹாஷ் திருடு போனால் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கக்கூடத் தேவையில்லை, ஹாஷையே காட்டி மற்ற கணினிகளுக்குள் போய்விடலாம். டொமைன் இருந்தால் லாப்ஸ் என்ற ஏற்பாட்டை வைத்து, ஒவ்வொரு கணினியின் லோக்கல் அட்மினுக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு தானாக மாறிக்கொண்டே இருக்கும்படி செய்யலாம். 2015ல் தனியாக நிறுவ வேண்டியிருந்தது, 2023 முதல் விண்டோஸுக்குள்ளேயே வருகிறது.

வேலையை விட்டுப் போகிறவரையும் யோசியுங்கள். லோக்கல் கணக்கு என்றால் அவர் எந்தெந்தக் கணினியில் என்னென்ன கணக்கு வைத்திருந்தார் என்று தேடித் தேடி அழிக்க வேண்டும். டொமைனில் ஒரு கணக்கை முடக்கினால் கதை முடிந்தது.

தனிமேசை:
மேற்கோள்: *"ஒரு கணக்கை முடக்கினால் கதை முடிந்தது."*

முடியவில்லை, பூட்டுசாவி. மேலே அண்ணா சொன்னதை மறுபடி படியுங்கள். கணினியில் ஹாஷ் தங்கியிருக்கிறது, சர்வர் எட்டாதபோது அதுதான் ஆளை விடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை வேலையை விட்டு நீக்கப்பட்டவர் லேப்டாப்பைக் கையில் வைத்திருந்தால், வைஃபையை அணைத்துவிட்டுப் பழைய பாஸ்வேர்டைப் போடுவார். திறக்கும். சனிக்கிழமையும் திறக்கும், அடுத்த மாதமும் திறக்கும். தங்கிய ஹாஷுக்குக் காலாவதி கிடையாது. கணக்கு முடக்கப்பட்ட செய்தி அந்தக் கணினிக்குப் போய்ச் சேரவே இல்லையே. டெஸ்க்டாப்பில் இருக்கும் வாடிக்கையாளர் பட்டியலை பென் டிரைவில் போட எவ்வளவு நேரம் ஆகும்?

சர்வர் அறைக்காரன்:
நியாயமான கேள்வி. ஆமாம், திறக்கும். ஆனால் அவர் கையில் இருப்பது அந்த லேப்டாப்பில் ஏற்கெனவே இருந்த ஃபைல்கள் மட்டும். மெயிலோ ஷேர் ஃபோல்டரோ, வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் போக உதவும் விபிஎன்னோ எதுவும் கிடைக்காது. லோக்கல் கணக்கு என்றாலும் அந்த ஃபைல்கள் அவர் கையில்தான் இருந்திருக்கும். இதற்கு விடை வேலையை முடிக்கிற அன்று லேப்டாப்பை வாங்கி வைப்பது. முக்கியமான ஃபைலை டெஸ்க்டாப்பில் குவிக்காமல் சர்வரில் வைப்பது. ஹாஷ் தங்கும் அந்த 10 பேர் என்ற எண்ணிக்கையை 0 என்று வைத்து இதை அடியோடு நிறுத்தலாம்தான். ஆனால் வரவுசெலவு கேட்ட பயணத்து வேலை அதோடு நின்றுபோகும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது.

ஹெல்ப்டெஸ்க் அக்கா:
நீங்கள் எல்லாம் திருடன் போலீஸ் பேசுகிறீர்கள். எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை "கணக்கு லாக் ஆகிவிட்டது" என்பதுதான்.

ஒருவர் காலையில் பாஸ்வேர்டை மாற்றுகிறார். பத்து நிமிடத்தில் கணக்கு லாக் ஆகிறது. திறந்துவிடுகிறேன். மறுபடி லாக் ஆகிறது. "நான் தப்பாக அடிக்கவே இல்லை மேடம்" என்கிறார். உண்மைதான், அவர் அடிக்கவில்லை. அவருடைய போனில் ஆபீஸ் மெயில் இருக்கிறது, அதில் பழைய பாஸ்வேர்டு சேமித்து வைத்திருக்கிறது. அது பையில் கிடந்தபடி விடாமல் முயற்சி செய்துகொண்டே இருக்கிறது. இல்லையென்றால் எங்கேயோ ஒரு சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப்பை மூடாமல் விட்டிருப்பார், அந்த செஷன் பழைய பாஸ்வேர்டோடு இன்னும் உயிரோடு இருக்கும். டொமைன் கன்ட்ரோலரின் பதிவில் 4740 என்ற நிகழ்வு எண்ணைத் தேடினால், எந்தக் கணினியிலிருந்து லாக் ஆனது என்று பெயரோடு காட்டும். அதைப் பார்த்துத்தான் பிடிப்போம். ஆக, தனிமேசை தம்பி சொல்லும் தொல்லை உண்மை. லோக்கல் கணக்கில் இந்தத் தலைவலி இவ்வளவு இல்லை.

ஆனால் லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டை மறந்தவர் போன் செய்தால் நான் என் இருக்கையிலிருந்து ஒன்றுமே செய்ய முடியாது. அந்தக் கணினி இருக்கும் இடத்துக்கே யாராவது போக வேண்டும். அதையும் கணக்கில் வையுங்கள்.

தனிமேசை:
அக்கா ஒப்புக்கொண்டதற்கு நன்றி. பெரிய விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஓர் இடத்தில் கட்டி வைத்தால், அந்த ஓர் இடம் விழும்போது எல்லாம் விழும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார நிரல் வந்தபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு என்ன ஆனது? கணினிகளின் நினைவகத்தில் கிடந்த பாஸ்வேர்டுகளைத் திருடி, அதைக் காட்டியே அடுத்த கணினி, அதற்கடுத்தது என்று பரவியது அது. 4,000 சர்வரையும் 45,000 பிசியையும் திரும்ப நிறுவ வேண்டியிருந்தது. அவர்களுடைய டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று நகல். எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. கானாவில் ஒன்று மட்டும், அங்கே மின்சாரம் போயிருந்ததால் தப்பித்தது. கரண்ட் போனதுதான் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றியது!

பூட்டுசாவி:
அந்தக் கதையிலிருந்து நான் வேறு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மெர்ஸ்க் எழுந்ததே அந்த ஒரு டொமைன் கன்ட்ரோலரை வைத்துத்தான். யாருக்கு எங்கே அனுமதி என்ற முழுப் பட்டியலும் அதில் இருந்தது. அத்தனை ஆயிரம் கணினியிலும் தனித்தனி லோக்கல் கணக்கு இருந்திருந்தால் எதை வைத்து எழுந்திருப்பார்கள்? நெட்வொர்க்கோடு ஒட்டாத பேக்கப் ஒன்று வேண்டும், டொமைன் அட்மின் கணக்கைக் கொண்டு சாதாரண லேப்டாப்பில் லாகின் செய்யக் கூடாது. இந்த இரண்டும் இல்லாத டொமைன் ஆபத்துதான், அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

தனிமேசை:
எத்தனை அலுவலகத்தில் அந்த இரண்டும் இருக்கின்றன என்று நினைக்கிறீர்கள்?

பூட்டுசாவி:
குறைவுதான்.

வரவுசெலவு:
விவாதம் சூடாகப் போகட்டும், நடுவில் எனக்கு இரண்டு சந்தேகம். என் டெஸ்க்டாப்பில் இருக்கும் எக்செல் ஃபைல்கள் எல்லாம் டொமைனுக்கு மாறிய பிறகும் இருக்குமா? வீட்டில் இருக்கும்போது பாஸ்வேர்டு காலாவதியானால் என்ன செய்வது?

ஹெல்ப்டெஸ்க் அக்கா:
ஃபைல்கள் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. பழைய பெயரையே புதிதிலும் வைத்தால்கூட விண்டோஸுக்கு நீங்கள் வேறு ஆள். முதல் லாகினில் வெறும் டெஸ்க்டாப் வரும், நிறைய பேர் அங்கேதான் பதறிப் போகிறார்கள். சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பழைய பெயரில் எல்லாம் அப்படியே இருக்கும், அட்மின் அனுமதியோடு எடுத்துப் புதிய இடத்துக்கு மாற்றித் தருவார்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் மட்டும் அப்படி வராது, அவை பழைய கணக்கோடு பூட்டப்பட்டவை. மாற்றுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு விஷயம்: விபிஎன் போட்டபடி கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி அங்கே மாற்றுங்கள். சர்வரிலும் மாறும், லேப்டாப்பில் தங்கியதும் மாறும். அதை விட்டுவிட்டு வெப்மெயில் பக்கத்தில் மாற்றினால், மெயிலுக்குப் புதுசு, லேப்டாப்புக்குப் பழசு என்று இரண்டு பாஸ்வேர்டு ஆகிவிடும். அப்படி ஆனால் விபிஎன் ஓடும்போது திரையை லாக் செய்து, புதிய பாஸ்வேர்டால் திறங்கள். சரியாகிவிடும்.

பழைய மெஷின்:
இன்னொன்று. ஆளுக்கு மட்டும் இல்லை, டொமைனில் கணினிக்கும் ஒரு பாஸ்வேர்டு உண்டு. அதுவாகவே 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். கணினியைப் பழைய பேக்கப் இமேஜுக்குத் திருப்பினால் அந்தப் பாஸ்வேர்டும் பழையதாகிவிடும், டொமைனோடு நம்பிக்கை உறவு அறுந்துவிட்டது என்று செய்தி வரும். அன்றைக்கு எல்லோரும் செய்வது என்ன தெரியுமா? நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிவிட்டு, தங்கியிருக்கும் ஹாஷை வைத்து உள்ளே போவது. அதுவும் இல்லையென்றால் ஒரு லோக்கல் அட்மின் கணக்கு. டொமைன் ஆதரவாளர்கள் எவ்வளவு பேசினாலும் கடைசிக் கதவு லோக்கல் கணக்குதான்.

சர்வர் அறைக்காரன்:
அதை மறுக்கவே இல்லையே. கடைசிக் கதவு ஒன்று இருக்கட்டும், அதன் சாவி லாப்ஸில் இருக்கட்டும். தினமும் அந்தக் கதவு வழியாக வேலைக்குப் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

வரவுசெலவு:
சரி, நாளைக்கு ஐடி பிரிவிடம் இதைக் கேட்கப் போகிறேன்: நெட் இல்லாமலும் லாகின் ஆக வேண்டும், அந்த எண்ணை 0 ஆக்கக் கூடாது. என் ஃபோல்டரை யார் எப்போது திறந்தாலும் பதிவு இருக்க வேண்டும். 42 நாள் கூத்து வேண்டாம், நீளமான பாஸ்வேர்டாக வைத்துக்கொள்கிறேன்.

தனிமேசை:
மூன்றையும் மெயிலில் கேளுங்கள். வாயால் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். பதிவு இருக்கிறது என்று சொன்னால், அந்தப் பதிவை அழிக்கும் உரிமை யாருக்கு என்றும் கேளுங்கள். பதில் "டொமைன் அட்மின்" என்றுதான் வரும்.

சர்வர் அறைக்காரன்:
பதிவைத் தனி சர்வருக்கு அனுப்பினால் அதற்கும் வழி உண்டு, தம்பி. முதல் இரண்டையும் நானாக இருந்தால் உடனே தருவேன். மூன்றாவதுக்கு எங்கள் ஆடிட்டரைச் சம்மதிக்க வைக்க இன்றுவரை முடியவில்லை. நிஸ்ட் வழிகாட்டுதலை அச்செடுத்தே கொடுத்துப் பார்த்துவிட்டேன். உங்கள் ஆடிட்டர் கேட்டால் எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.