இரவு மலையேற்றம்: உச்சியில் காத்திருக்கும் நேரத்துக்கு ஆலோசனை தேவை

நண்பர்கள் எட்டுப் பேர் பௌர்ணமி இரவில் மலையேறி, உச்சியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்கத் திட்டமிட்டுள்ளோம். அனுமதியும் வழிகாட்டியும் உறுதியாகிவிட்டன.

என் கவலை ஏற்றத்தைப் பற்றியதன்று. உச்சியில் அசையாமல் காத்திருக்கப் போகும் இரண்டு மணி நேரத்தைப் பற்றியது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைவதால், 1,400 மீட்டர் ஏறும் நாங்கள் அடிவாரத்தைவிட ஏறத்தாழ 9 டிகிரி குளிரான இடத்தில், வியர்வையில் நனைந்த உடையோடு, வீசும் காற்றில் உட்கார வேண்டியிருக்கும். பருத்தி உடை ஈரத்தை எளிதில் விடாது என்பதால் மாற்றுச் சட்டை நிச்சயம் எடுத்துச் செல்வோம்; அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் போதுமா, அல்லது ஒவ்வொருவரும் உறங்கும் பையையும் சுமக்க வேண்டுமா?

நிலவொளி இருப்பதால் நெற்றி விளக்கு தேவையில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். மரங்களுக்கு அடியில் அந்த ஒளி தரையை எட்டாது என்பதால் நான் உடன்படவில்லை.

எங்களில் ஒருவருக்கு இறங்கும்போது மட்டும் முழங்கால் வலிக்கும். தூக்கமின்றி இறங்கும் அவருக்கு ஊன்றுகோல் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.